மாதவிடாய் நிற்கும் வயதும் வேலையிடமும்

மாதவிடாய் தொடர்ந்து 12 மாதங்கள் வராமல் இருந்தால், அது நிரந்தரமாக நின்றுவிட்டதாக (மெனோபாஸ்) மருத்துவம் கொள்கிறது. மேலை நாட்டுப் பெண்களுக்கு இது சராசரியாக 51 வயதையொட்டி நடக்கிறது. இந்தியப் பெண்களுக்கு 46, 47 வயதிலேயே வந்துவிடுகிறது. நிற்பதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே உடல் மாறத் தொடங்கிவிடும் என்பதால், நாற்பதைத் தாண்டியதுமே தொந்தரவுகளைச் சொல்லும் பெண்கள் ஏராளம். பிள்ளைகள் கல்லூரிக்குப் போகும் வயது அது. மகளிர் குழுக் கடனும் வீட்டுக் கடனும் ஓடிக்கொண்டிருக்கும் வயது. வேலையில் பத்து, இருபது ஆண்டு அனுபவம் சேர்ந்து, புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வயதும் அதுதான். அப்போது உடலில் நடப்பதை வேலையிடம் எப்படி எதிர்கொள்கிறது என்பதைப் பொறுத்தே பல பெண்கள் வேலையில் நீடிப்பதும் நின்றுவிடுவதும் அமைகிறது.

சினைப்பைகள் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் குறையும்போது முதலில் தடுமாறுவது உடலின் வெப்பக் கட்டுப்பாடு. மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ், சாதாரணமாகக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடக்கூடிய சிறு வெப்ப மாற்றத்தையும் இப்போது பெரிதாக எடுத்துக்கொண்டு, உடலைக் குளிர்விக்க உத்தரவிடுகிறது. தோலின் ரத்தக் குழாய்கள் விரிகின்றன. நெஞ்சிலிருந்து கழுத்துக்கும் முகத்துக்கும் குப்பென்று ஒரு காந்தல் ஏறுகிறது. நெஞ்சு படபடக்கிறது, நெற்றியும் முதுகும் வேர்வையில் நனைகின்றன. சில நிமிடங்களில் எல்லாம் அடங்கி, நனைந்த ரவிக்கையோடு உடம்பு குளிரத் தொடங்குகிறது. சிலருக்கு இது எப்போதாவது வரும்; சிலருக்கு ஒரு நாளில் பத்து முறைகூட வரும். அமெரிக்காவில் பல இனப் பெண்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வொன்றில், இந்தத் தொந்தரவு அடிக்கடி வந்தவர்களில் பாதிப் பேருக்கு அது ஏழு ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது தெரியவந்தது. நாலு மாதம் பொறுத்துக்கொண்டால் சரியாகிவிடும் என்ற ஆறுதல் வார்த்தை எல்லோருக்கும் பொருந்தாது.

இரவிலும் இதே வேர்வை வந்து தூக்கத்தைக் கெடுக்கிறது. பகலில் வரும் மறதிக்கும் எரிச்சலுக்கும் கவனச் சிதறலுக்கும் இந்தத் தூக்கக் குறைவு ஒரு முக்கியக் காரணம். மூட்டுவலி, அடிக்கடி சிறுநீர் கழிக்கத் தோன்றுவது, அடக்க முடியாமல் போவது ஆகியவையும் சேர்ந்துகொள்ளும். மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய ஆண்டுகளில் தேதி தவறி, அளவுக்கு மீறிப் போகும் உதிரப்போக்கு இன்னொரு பெரிய சிக்கல். ஊர்ப்புறங்களில் பெரும்பாடு என்று சொல்லப்படுவது இதைத்தான். 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருக்கிறது. ஏற்கெனவே ரத்தம் குறைந்த உடம்பில் பெரும்பாடும் சேர்ந்தால், மாடிப்படி ஏறுவதே பெரும் பாடாகிவிடும். இதைச் சோம்பல் என்று மேலாளர் எடுத்துக்கொள்வது மிகப் பெரிய அநியாயம்.

துணிக்கடையின் புடவைப் பிரிவை எடுத்துக்கொள்ளலாம். காலை ஒன்பதரைக்குக் கடை திறந்ததிலிருந்து இரவு மூடும்வரை விற்பனைப் பெண்கள் நின்றுகொண்டே இருக்கிறார்கள். சீருடையாகக் கொடுக்கப்படும் சேலை பெரும்பாலும் வேர்வையை உறிஞ்சாத செயற்கை இழை. மேலே பளிச்சென்று விளக்குகள். ஏசி காற்றோ வாடிக்கையாளர் அமரும் பக்கம்தான் வீசும். காந்தல் ஏறும் நேரத்தில் எதிரே கல்யாண ஜவுளி எடுக்க வந்த ஒரு குடும்பம் உட்கார்ந்திருக்கும். முகத்தைத் துடைக்கவும் முடியாது, நகரவும் முடியாது. ஐம்பதாவது புடவையையும் சிரித்த முகத்தோடு விரித்துக் காட்டியாக வேண்டும். கழிப்பறை கடைசி மாடியில் இருக்கும். அங்கே போய் வரும் நேரத்தைக் கண்காணிப்பாளர் கணக்கு வைத்திருப்பார்.

இந்தப் பெண்களுக்காகத் தமிழ்நாட்டில் ஒரு சட்டத் திருத்தம் வந்தது. 2021 செப்டம்பரில் சட்டப்பேரவையில் கொண்டுவரப்பட்ட அந்தத் திருத்தம், கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் ஒரு புதிய பிரிவைச் சேர்த்து, ஊழியர் அனைவருக்கும் இருக்கை வசதி செய்து தரவேண்டும் என்றது. கேரளம் 2018இலேயே இதைச் செய்துவிட்டது. அங்கே அதற்கு வழிவகுத்தது கோழிக்கோட்டில் விஜி என்ற தையல் தொழிலாளி தொடங்கிய ‘பெண்கூட்டு’ என்னும் அமைப்பு. மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை செய்த பெண்களுக்குக் கழிப்பறை இல்லாத கொடுமையை எதிர்த்துத்தான் அவர்களுடைய போராட்டம் தொடங்கியது. பிறகு அது உட்காரும் உரிமைக்கான போராட்டமாக வளர்ந்தது. அந்தப் போராட்டத்தில் யாரும் மெனோபாஸ் என்ற சொல்லை முன்வைக்கவில்லை. ஆனாலும் நாற்பது, ஐம்பது வயதுப் பெண்களுக்கு அதைவிடப் பயனுள்ள கோரிக்கை வேறில்லை. சட்டம் வந்த பிறகும் முக்காலியைச் சுவரோரம் போட்டுவிட்டு, உட்கார்ந்தவரை முறைத்துப் பார்க்கும் கடைகள் உண்டு. அங்கே சட்டம் காகிதத்தில்தான் இருக்கிறது.

பனியன் கம்பெனியின் தையல் லைனில் சிக்கல் வேறு வடிவம் எடுக்கிறது. அங்கே உட்கார இடம் உண்டு, எழுந்துபோகத்தான் வழியில்லை. ஒருவர் தைத்த பீஸ் அடுத்தவருக்குப் போகவேண்டும். ஒருவர் ஐந்து நிமிடம் எழுந்தால் மெஷின் பக்கத்தில் பீஸ் குவிந்துவிடும். மணிக்கு இத்தனை என்ற டார்கெட் தவறும். சூப்பர்வைசரின் குரல் உயரும். அதற்குப் பயந்து தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும் பெண்கள் பலர். சூடான கொட்டகையில் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் சிறுநீர்த் தொற்று வரும். ஈஸ்ட்ரோஜன் குறைந்து சிறுநீர்ப் பாதையின் உட்தோல் மெலிந்திருக்கும் வயதில் அது இன்னும் எளிதாகத் தொற்றிக்கொள்ளும். இதற்கான தீர்வு செலவு பிடிப்பதன்று. எந்த மெஷினிலும் உட்கார்ந்து தைக்கத் தெரிந்த ஒருவரை லைனுக்கு மாற்றாளாக வைத்தால், யார் எழுந்துபோனாலும் லைன் நிற்காது. அயர்னிங் மேசையின் நீராவிக்கு முன்னால் இந்த வயதுப் பெண்ணை நிறுத்தாமல், செக்கிங் பிரிவுக்கோ காற்றோட்டமான ஜன்னலோரத்துக்கோ மாற்றுவது இன்னும் எளிது. காற்றோட்டம், குடிநீர், கழிப்பறை, நின்று வேலை செய்பவருக்கு இருக்கை ஆகிய எல்லாவற்றையும் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே கட்டாயமாக்கியது என்பதையும் இங்கே நினைவில் கொள்ளவேண்டும்.

வேலையிடம் இடம் கொடுக்காதபோது என்ன நேரும் என்பதற்கு மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டம் நெஞ்சைப் பதறவைக்கும் சான்று. அங்கிருந்து ஆண்டுதோறும் ஐப்பசிவாக்கில் லட்சக்கணக்கான குடும்பங்கள் கரும்பு வெட்டப் போகின்றன. கணவனும் மனைவியும் ஒரே கூலிக் கணக்கு. முன்பணம் கொடுத்த ஒப்பந்தக்காரரிடம் ஒரு நாள் லீவு எடுத்தாலும் அபராதம். வயல்வெளிக் குடிசைகளில் கழிப்பறையும் இல்லை, தண்ணீரும் இல்லை. உதிரப்போக்கு, வெள்ளைப்படுதல் என்று மருத்துவமனைக்குப் போன பெண்கள் கர்ப்பப்பையை எடுத்துவிட்டுத் திரும்பினார்கள். 2019இல் மாநில அரசு அமைத்த குழு ஏறத்தாழ 82,000 கரும்பு வெட்டும் பெண்களிடம் கணக்கெடுத்தபோது, 13,000க்கும் மேற்பட்டோர் அந்த அறுவைச் சிகிச்சை செய்துகொண்டிருந்தது தெரியவந்தது. பலர் முப்பதுகளில் இருந்தவர்கள். கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் எடுத்துவிட்டால், படிப்படியாக வரவேண்டிய மாற்றம் ஒரே வாரத்தில் வந்து தாக்குகிறது. சினைப்பைகளை விட்டுவைத்தாலும் இயற்கையாக நிற்கும் வயதுக்கு முன்பே அவை ஓய்ந்துவிடும் வாய்ப்பு அதிகம். எலும்பு தேய்வதும் இதய நோய் வருவதும் முன்கூட்டியே தொடங்குகின்றன. அதற்குப் பிறகும் அந்தப் பெண்கள் அதே கரும்புக் கட்டைத் தலையில் தூக்குகிறார்கள்.

இந்தியத் தொழிலாளர் சட்டங்கள் பெண்ணின் உடலைப் பிள்ளைப்பேற்றோடு சேர்த்தே பார்த்திருக்கின்றன. 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் 2017இல் திருத்தப்பட்டு 26 வார விடுப்பை உறுதிசெய்தது. தமிழ்நாடு அரசின் பெண் ஊழியர்களுக்கு அது 12 மாதம். அவசியமான ஏற்பாடு இது. ஆனால் அதே பெண்ணுக்கு 46 வயதாகும்போது சட்டத்தின் பக்கங்களில் அவரைப் பற்றி எதுவும் இல்லை. பிரிட்டனில் இந்த இடைவெளி ஓரளவு அடைபட்டு வருகிறது. அங்கே மெனோபாஸுக்கென்று தனிச் சட்டம் இல்லாமலே, 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தின்கீழ் பெண்கள் வழக்குப் போட்டார்கள். 2012இல் வந்த ஒரு தீர்ப்பு குறிப்பிடத்தக்கது. ஓர் ஊழியருக்கு மெனோபாஸ் தொந்தரவு இருப்பதாகவும் அதனால் கவனம் சிதறக்கூடும் என்றும் அவருடைய மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தார். மேலாளரோ மருத்துவ விசாரணை எதுவும் செய்யாமல், தம் மனைவிக்கு இப்படியெல்லாம் இருந்ததில்லை என்ற கணக்கில் முடிவெடுத்து அவரை வேலையிலிருந்து நீக்கினார். ஓர் ஆணின் உடல்நிலையை இப்படி அலட்சியம் செய்திருக்கமாட்டார் என்று கூறி, தீர்ப்பாயம் அதைப் பாலினப் பாகுபாடு என்றது. வீட்டில் இருப்பவரை அளவுகோலாக வைத்து வேலையிடத்தில் இருப்பவரை எடைபோடும் பழக்கம் எல்லா ஊரிலும் உண்டு. ஒரே வீட்டில் அக்காவுக்கும் தங்கைக்குமே இது வேறுவேறாக இருக்கும். 2023இல் பிரிட்டிஷ் தரநிர்ணய அமைப்பு வேலையிடங்களுக்கான ஒரு தரநிலையையே வெளியிட்டது. 2024 பிப்ரவரியில் அந்நாட்டுச் சமத்துவ ஆணையம், நீண்டகாலம் கடுமையாகப் பாதிக்கும் தொந்தரவு சட்டப்படி உடற்குறைபாடாகக் கருதப்படலாம் என்றும், அப்போது வேலையில் தக்க மாற்றங்கள் செய்து தருவது முதலாளியின் கடமை என்றும் விளக்கியது.

மருத்துவத்திலும் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. ஹார்மோன் சிகிச்சை வெப்பக் காந்தலுக்கு மிகவும் பலன் தருவது. 2002இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு மார்பகப் புற்றுநோய் பயத்தைக் கிளப்பியதால் உலகம் முழுவதும் அதன் பயன்பாடு சரிந்தது. அந்த ஆய்வில் கலந்துகொண்டவர்களின் சராசரி வயது 63 என்பது பின்னர்தான் பெரிதாகப் பேசப்பட்டது. மார்பகப் புற்றுநோயோ ரத்தக்கட்டோ வந்திராத, அறுபதைத் தாண்டாத, மாதவிடாய் நின்று பத்தாண்டு ஆகாத பெரும்பாலானோருக்கு நன்மையே அதிகம் என்பது இன்றைய மருத்துவக் கருத்து. ஹார்மோன் வேண்டாம் என்பவர்களுக்கு வேறு மருந்துகளும் உளவியல் பயிற்சிகளும் இருக்கின்றன. மாதவிடாய் நின்று ஓராண்டுக்குப் பிறகு ஒரு துளி ரத்தம் பட்டாலும் உடனே மருத்துவரைப் பார்க்கவேண்டும். அது கர்ப்பப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறியாக இருக்கக்கூடும். கம்பெனிகளில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க முகாம் போடும்போதே ஹீமோகுளோபினையும் பார்த்து, இந்தக் கேள்விகளையும் ஒரு பெண் செவிலியரைக் கொண்டு தனியாகக் கேட்கலாம். இஎஸ்ஐ காப்பீட்டில் இருப்பவர் சந்தா விதிகளை நிறைவு செய்திருந்தால், மருத்துவர் சான்றோடு ஆண்டுக்கு 91 நாள்வரை சம்பளத்தில் 70 விழுக்காடு பெறலாம். பெரும்பாட்டுக்கான சிகிச்சைக்கும் அது பொருந்தும்.

எந்த ஏற்பாடும் இல்லாத இடத்தில் பெண்கள் சத்தமில்லாமல் வேலையை விட்டுவிடுகிறார்கள். அதன் இழப்பு மாதச் சம்பளத்தோடு முடிவதில்லை. தொழிலாளர் வருங்கால வைப்புநிதியின் ஓய்வூதியம் கிடைக்க 10 ஆண்டு பணி வேண்டும். பிள்ளைகள் வளர்ந்த பிறகு 38 வயதில் கம்பெனிக்குப் போகத் தொடங்கியவர் 46 வயதில் நின்றுவிட்டால், 58 வயதில் கிடைக்கவேண்டிய ஓய்வூதியம் கைநழுவிப் போகிறது. அதனால் ஒரு ஷிஃப்ட் மாற்றமோ பிரிவு மாற்றமோ அவரை இன்னும் இரண்டாண்டு வேலையில் இருக்க வைத்தால், முதுமை முழுவதற்குமான ஒரு வருமானம் தப்பிக்கிறது. விட்டே ஆகவேண்டும் என்றாலும், ஓய்வூதியக் கணக்கில் உள்ள பணத்தை எடுத்துவிடாமல் படிவம் 10சி மூலம் திட்டச் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. பின்னர் வேறொரு கம்பெனியில் சேரும்போது பழைய எட்டு ஆண்டுகளும் புதிய பணியோடு சேர்த்துக் கணக்கிடப்படும்.