"நோண்டு" என்று சொன்ன கணினி

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"லினக்ஸ் லினக்ஸுன்னு ஏன்டா உயிரை விடுறே?" என்று தோழர்கள் பார்க்கும்போதெல்லாம் கேட்பார்கள். இன்றைக்கு மைக் கையில் கிடைத்திருக்கிறது, பதிலைச் சொல்லிவிடுகிறேன்.

பாலக்கோடு பக்கம் கேழ்வரகும் தக்காளியும் போடுகிற குடும்பம் எங்களுடையது. பட்டம் வாங்கி ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்த அன்று முதலாளி சொன்ன முதல் வார்த்தை, "தம்பி, எதையும் நோண்டாதே." அங்கிருந்த மென்பொருள் அத்தனையும் காசு கொடுக்காத நகல். வைரஸ் வந்து நிற்கும். ஏன் என்று தெரியாது. அழித்துவிட்டு மறுபடி போடுவோம். வேலை பார்த்தேன், ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை.

2011-இல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு என் தங்கைக்கு ஒன்று கிடைத்தது. அதில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கிவைத்தது யூனிக்ஸ். அந்த வழியில், ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் எழுதியது லினக்ஸ். அதன் மூல நிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம், நகலெடுத்துக் கொடுக்கலாம். திருட்டு இல்லை. "நோண்டு" என்று என்னிடம் சொன்ன முதல் கணினி அதுதான்.

அதன் அழகு நம் ஊர்க்காரர்களுக்குச் சட்டென்று புரியும். புளி தட்டுகிற திண்ணையைப் பாருங்கள். ஒருவர் ஓடு உடைப்பார், ஒருவர் நார் உரிப்பார், ஒருவர் கொட்டை எடுப்பார். யூனிக்ஸ் கட்டளைகளும் அப்படித்தான். ஒன்றுக்கு ஒரு வேலை. நடுவே ஒரு நெட்டுக்கோடு போட்டால், ஒன்று முடித்ததை அடுத்தது வாங்கிக்கொள்ளும்.

பெருமை மட்டும் பேசினால் பொய்யாகிவிடும். ஒருநாள் இடம் காலி பண்ணுகிறேன் என்று 'ஆர்எம்' கட்டளையைத் தவறான ஃபோல்டரில் கொடுத்துவிட்டேன். "நிச்சயமா?" என்று அது கேட்கவில்லை. தங்கை ஏற்றி வைத்திருந்த மகளிர் குழுவின் கடன் கணக்கு மொத்தமும் போயிற்று. இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பழைய நோட்டைக் கொண்டுவந்து முன்னால் போட்டாள். "பாதி நீ அடிண்ணா, பாதி நான் அடிக்கிறேன்."

அடித்து முடித்துப் பார்த்தால், சில வரிகளை இருவருமே அடித்திருந்தோம். 'யூனிக்' என்ற கட்டளை இரட்டை வரியைக் காட்டும். ஆனால் அவை அடுத்தடுத்து இருக்கவேண்டும். அதனால் முதலில் 'சார்ட்' போட்டு வரிசைப்படுத்தி, பிறகு யூனிக். இரட்டைகள் வெளியே வந்தன. நோட்டோடு ஒப்பிட்டு நீக்கினோம். கூட்டல் சரியாக வந்தது. ஒரு வரி மிஞ்சியிருந்தாலும் ஏதோ ஒரு வீட்டின் பேரில் வாங்காத கடன் ஏறியிருக்கும். கெடுத்தவனும் நான், ஏன் கெட்டது என்று புரிந்து சரிசெய்தவனும் நான். இந்தச் சந்தோஷம் சென்டரில் எனக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை. அன்று முதல் தனி நகல் எடுக்காமல் நான் படுப்பதில்லை.

தம்பி தங்கைகளே, வீட்டுப் பரண்மேல் பழைய மடிக்கணினி கிடந்தால் எடைக்குப் போடாதீர்கள். அதிலுள்ள ஃபோட்டோ, கணக்கு எல்லாவற்றையும் முதலில் பென்டிரைவில் எடுத்துவிட்டு, அடுத்த சந்திப்புக்குக் கொண்டுவாருங்கள். நான் லினக்ஸ் போட்டுத் தரமாட்டேன். நீங்களே போடுங்கள், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.