எளிய ஆயுதம் எனப்படுவது யாது?

எளிய போர்க்கருவி நிலைக்கும், நுட்பமானது பழுதாகும் என்னும் கருத்து ஒரு பழமொழியின் உறுதியோடு வழங்கி வருகிறது. அதற்குச் சான்றாக வியட்நாம் போரில் எதிரெதிரே நின்ற இரு துப்பாக்கிகள், சோவியத் நாட்டு ஏகே-47உம் அமெரிக்காவின் எம்-16உம், தவறாமல் எடுத்துக்காட்டப்படுகின்றன. சேற்றில் கிடந்தாலும் சுடும் கரடான கருவி, பேணிக் காக்க வேண்டிய நேர்த்தியான கருவியை வென்றதாகக் கூறும் அக்கதையில் உண்மை உண்டு. ஆயினும் அந்த எளிமை எங்கிருந்து வந்தது, அதற்கு உழைத்தவர் யார் என்று அது கேட்பதில்லை.

மிகயீல் கலாஷ்னிகோவ் வடிவமைத்த ஏகே, 1949இல் சோவியத் படையில் ஏற்கப்பட்டது. தோட்டா வெடிக்கையில் குழலில் எழும் வாயுவின் ஒரு பகுதி சிறு துளை வழியே மேலேறி ஓர் உந்துதண்டைப் பின்னே தள்ள, அத்தண்டோடு இணைந்து நகரும் கனத்த பகுதி, சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூட்டை வெளியே எறிந்துவிட்டு அடுத்த தோட்டாவை உள்ளே செலுத்துகிறது. உறுப்புகளுக்கிடையே தாராளமாக இடம் விடப்பட்டிருப்பதால், மணலோ கரியோ புகுந்தாலும் இயக்கம் தடைப்படுவது அரிது. கரடு என்று பலரும் சொல்வது இந்த இடைவெளியைத்தான். ஆனால் இக்கருவியைச் செய்வது எளிதாக இருக்கவில்லை. உள்ளுறுப்புகளைத் தாங்கும் உடற்கூட்டை எஃகுத் தகட்டை அச்சில் அழுத்திச் செய்ய முயன்றபோது கழிவு மிகுந்தமையால், திண்ணிய எஃகுக் கட்டியைக் கடைந்தெடுக்கும் செலவுமிக்க முறைக்குச் சில ஆண்டுகளிலேயே திரும்ப நேர்ந்தது. 1 மில்லிமீட்டர் தகட்டிலேயே அதைச் செம்மையாகச் செய்த ஏகேஎம் 1959இல்தான் வந்தது. குழலின் உட்புறத்துக்கும், சுடும் நேரத்தில் தோட்டா தங்கும் அறைக்கும் துருவைத் தடுக்கும் குரோமியப் பூச்சு இடப்பட்டது. பத்தாண்டுத் தொழிற்சாலை உழைப்பு, வயலிலிருந்து வந்த படைவீரனின் கையில் எளிமையாக வந்து சேர்ந்தது என்பதே சரியான கூற்று.

எம்-16இன் வரலாறு இதற்கு நேர்மாறானது. யூஜின் ஸ்டோனரின் அவ்வடிவமைப்பில் தனி உந்துதண்டு இல்லை; வாயு ஒரு மெல்லிய குழாய் வழியே நேரே உள்ளுறுப்புகளுக்குள் பாய்ந்து அவற்றை இயக்குகிறது. எடை குறைந்து குறி நிலைப்பதற்கு அது உதவியது. கரியும் உள்ளே வந்து சேர்ந்தது. ஆயினும் தொடக்கச் சோதனைகளில் பயன்பட்ட வெடிமருந்தோடு அத்துப்பாக்கி நன்றாகவே இயங்கியது. 1964இல் அம்மருந்துக்குப் பதிலாக உருண்டைத் தூள் எனப்படும் வேறொரு வகை ஏற்கப்பட்டபோது, சுடும் வேகம் வடிவமைப்பின் வரம்பைக் கடந்தது. அத்தூளில் சேர்க்கப்பட்டிருந்த கால்சியம் கார்பனேட் வாயுக் குழாயில் படிந்தது. தொழிற்சாலைச் சோதனைக்குப் பழைய மருந்தே அனுமதிக்கப்பட்டது. படைவீரனுக்குப் புதியது சென்றது. அதற்கு முன் வழக்கிலிருந்த எம்-14இன் குழலில் குரோமியப் பூச்சு இருந்தும், வியட்நாமின் ஈரக் காற்றுக்கு அனுப்பப்பட்ட எம்-16க்கு அது தரப்படவில்லை. இவற்றுக்கெல்லாம் மேலாக, இத்துப்பாக்கி தன்னைத்தானே துப்புரவு செய்துகொள்ளும் என்ற பேச்சு பரவியிருக்க, துடைக்கும் கருவிகளும் எண்ணெயும் போதிய அளவில் வழங்கப்படவில்லை.

இதன் விளைவை மிக அருகில் நின்று காண வேண்டும். சுட்ட தோட்டாவின் கூடு துருவேறிய அறையில் ஒட்டிக்கொள்ளும். அதைப் பற்றி இழுக்கும் கொக்கி விளிம்பைக் கிழித்துக்கொண்டு வெறுமனே திரும்பும். அப்போது வீரன், துப்பாக்கியின் பக்கத்தில் ஒட்டுநாடாவால் கட்டி வைத்திருந்த துடைகோலை எடுத்துக் குழலின் வாய் வழியே விட்டு, கூட்டை உள்ளிருந்து தட்டி வெளியேற்ற வேண்டும். எதிரி சில அடி தொலைவில் இருக்கும் நேரத்திலும் இதைத்தான் செய்ய வேண்டும். 1967இல் கே சான் அருகிலுள்ள குன்றுகளில் நடந்த சண்டைக்குப் பின், இறந்தவர்களின் அருகே அவர்கள் சரிசெய்ய முயன்று பிரித்துப்போட்ட துப்பாக்கிகள் கிடந்தன என்று ஒரு வீரர் வீட்டுக்கு எழுதிய கடிதம், அமெரிக்க நாடாளுமன்றத்தில் எடுத்துரைக்கப்பட்டது. அம்மன்றத்தில் ரிச்சர்டு ஐகார்டு தலைமையில் அமைந்த துணைக்குழு அவ்வாண்டு அக்டோபரில் தந்த அறிக்கை, தோட்டாவின் குறைகளைக் களையாத அதிகாரிகளின் அலட்சியம் குற்றத்தின் எல்லையைத் தொடுவதாகக் கண்டது. அச்சொல் மிகையன்று.

ஆகவே இரு துப்பாக்கிகளுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை எளிமை, சிக்கல் என்று பிரிப்பது போதாது. சிக்கல் எந்த ஆயுதத்திலும் ஒழிந்துபோவதில்லை. ஒன்றில் அதைத் தொழிற்சாலை சுமந்தது, மற்றொன்றில் அது பத்தொன்பது வயது இளைஞனின் தலையில் இறக்கி வைக்கப்பட்டது. இன்றைய ஆயுதங்களின் விலைக் கணக்கையும் இவ்வாறே நோக்க வேண்டும். 200 டாலர் விலையுள்ள சிறு ட்ரோனை ஏறத்தாழ 30 லட்சம் டாலர் விலையுள்ள பேட்ரியாட் ஏவுகணையால் ஒரு நட்பு நாடு வீழ்த்தியதாக அமெரிக்கத் தளபதி டேவிட் பெர்கின்ஸ் 2017இல் கூறினார். அக்கணக்கு வியப்பூட்டுவதே, எனினும் அத்தகைய ட்ரோன் மலிவாகக் கிடைப்பதற்குக் கைப்பேசித் தொழிலின் பெருந்தொழிற்சாலைகள் பின்னணியில் இருக்கின்றன என்பதும், உக்ரைன் போரில் அத்தகையதைக் குறிதவறாமல் செலுத்துவதற்கு ஒருவர் நெடும்பயிற்சி பெற வேண்டியிருக்கிறது என்பதும் அதில் இடம்பெறுவதில்லை.

எம்-16இன் அடிப்படை வடிவம் பின்னரும் மாறவில்லை. துடைக்கும் கருவிகள் வழங்கப்பட்டன. ஓவியர் வில் ஐஸ்னர் வரைந்த பராமரிப்புப் படக்கதைக் கையேடு வீரர்களிடம் சென்றது. தோட்டா அறைக்கு 1967இல் குரோமியப் பூச்சு வந்தது. அதே துப்பாக்கியும் அதன் வழிவந்த எம்-4உம் அரை நூற்றாண்டுக்கு மேல் அமெரிக்கப் படையின் கைகளில் நிலைத்தன. ஆனால் அப்பூச்சு அறையைக் கடந்து குழல் முழுமைக்கும் நீண்ட காலத்தில், வியட்நாமிலிருந்து அமெரிக்கப் படைகள் நாடு திரும்பத் தொடங்கியிருந்தன.