தாய்மார் குழுக்களும் முகமில்லா விசமிகளும்

(சீசாவில் நடைபெற்ற சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பிள்ளை வளர்ப்புப் பற்றிக் கதைக்கச் சொல்லித்தான் என்னைக் கேட்டார்கள். பாலூட்டுவது, பல் முளைப்பது பற்றிச் சொல்ல இந்த மண்டபத்திலே என்னைவிட அனுபவசாலிகள் இருக்கிறீர்கள். நான் வேறொன்றைச் சொல்ல வந்தேன். எங்கள் கையிலிருக்கிற ரெலிபோனுக்குள்ளே, தாய்மார் குழுக்களுக்குள்ளே, பெயரும் முகமும் இல்லாமல் வந்து ஒரு தாயைக் குத்திவிட்டுப் போகிறவர்களைப் பற்றியது அது. ஆங்கிலத்திலே அவர்களுக்கு ட்ரோல் என்று பெயர். நோர்வேயில் இருக்கிற சொந்தக்காரரைக் கேட்டால் ட்ரோல் என்பது மலைக்குகையில் வாழும் பூதம் என்பார்கள். நான் விசமி என்றே சொல்கிறேன். ஊர்ப் பத்திரிகைகளில் படித்து வளர்ந்த சொல்.

எங்களுக்கு இது புதிதும் அல்ல. ஊரிலே மொட்டைக் கடிதம் இருந்ததுதானே. கலியாணம் பேசி முற்றாகிற நேரம் பார்த்து மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு கடிதம் வரும். ஒரு வாத்தியாரைப் பிடிக்காவிட்டால் கல்விக் கந்தோருக்குப் பெட்டிசம் போகும். கீழே 'ஊர் நலன் விரும்பி' என்றிருக்கும். ஆனால் பாருங்கோ, அந்த மனுசன் முத்திரை வாங்க வேண்டும், தபால் பெட்டிவரை நடக்க வேண்டும், கடிதம் என்ன செய்தது என்று அறியக் கிழமைக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இன்றைக்குக் கட்டிலில் படுத்தபடி எழுதலாம். அரை நிமிடத்தில் அந்தத் தாய் துடிப்பதையும் பார்க்கலாம்.

சென்ற மாரியில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். தாயிடம் கேட்டு, ஆளைப் பிடிபடாதபடி சிலவற்றை மாற்றித்தான் சொல்கிறேன். நான் அந்தக் குழுவில் இருக்கவில்லை. பிறகுதான் காட்டினார்கள்.

இரண்டரை வயது மகன். 'அம்மா', 'தா' என்ற இரண்டு சொல்லைத் தவிர வாயில் ஒன்றும் வராது. காலையில் ஒரு வீடு, பின்னேரம் ஒரு வீடு என்று வேலை முடித்து வந்து, இரவு பத்தரை மணிக்கு அவள் வட்ஸ்அப் குழுவிலே எழுதினாள்: "அக்காமார், என்ரை மகன் இன்னும் கதைக்கத் தொடங்கேல்லை. ஆற்றையும் பிள்ளைக்கு இப்பிடி இருந்ததோ?" இதிலே என்ன குற்றம்? பூப்படம் போட்ட ஒரு நம்பர் உடனே எழுதியது: "காசுக்குப் பின்னாலை ஓடுற தாய்க்கு ஊமைப் பிள்ளைதான்." அதற்குக் கீழே ஏழு சிரிக்கிற முகங்கள். இரண்டு பேர் அந்த நம்பரோடு சண்டைக்குப் போனார்கள். நள்ளிரவு வரை ஐம்பது, அறுபது பதில்கள். அவ்வளவுக்குள்ளும் பிள்ளையைப் பற்றி ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை.

காலையில் அவள் குழுவை விட்டு விலகியிருந்தாள். மூன்று மாதம் யாரிடமும் வாய் திறக்கவில்லை, டொக்டரிடம்கூட. கடைசியில் பாலர் பாடசாலை ஆசிரியை ஒருவர் வற்புறுத்தித்தான் பிள்ளை வைத்தியரிடம் போனாள். செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கியிருந்தது. பிள்ளைக்குச் சரியாகக் கேட்கவில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு அடிக்கடி வருகிற, வைத்தியம் உள்ள விசயம். அவள் மனம் நொந்தது ஒரு பக்கம் இருக்கட்டும். பிள்ளையின் மூன்று மாதத்தை அல்லவா அந்த ஒரு வரி தின்றுவிட்டது.

(இடையில் ஒன்று. வீட்டில் தமிழும் வெளியில் இத்தாலியனும் கேட்பதால்தான் பேச்சுப் பிந்துகிறது என்று அதே குழுவில் முன்பொரு நாள் ஒரு பெரியவர் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார். அது பிழை. இரண்டு மொழி கேட்டு வளர்வது பேச்சுக் கோளாறை உண்டாக்காது. தமிழை நிறுத்தாதேங்கோ, உங்கள் பெடியாத்ராவிடம் போங்கோ. அவரிடம் காட்டுவதற்குக் காசில்லை.)

இந்தச் சீசா அரண்மனையை எல்லோரும் கண்டிருக்கிறீர்கள். 12ஆம் நூற்றாண்டில் நோர்மன் அரசர் கட்டியது. அதன் நீரூற்று மண்டப வளைவிலே வரைந்திருக்கும் உருவங்களைப் பலெர்மோ சனங்கள் 'சீசாவின் பேய்கள்' என்கிறார்கள். எத்தனை தரம் எண்ணினாலும் கணக்கு ஒத்து வராதாம். விசமிகளும் அப்படித்தான். ஒரே ஆள் மூன்று நம்பரோடு வந்து தன்னைத் தானே ஆமோதிப்பார். 'ஊரே என்னைப் பற்றி இப்படித்தான் நினைக்கிறது' என்று அந்தத் தாய் நம்பிவிடுவாள். ஊரல்ல, தங்கைச்சி. ஒன்றிரண்டு பேர்.

யார் இவர்கள்? கனடாவில் எரின் பக்கெல்ஸ் என்பவரும் கூட்டாளிகளும் 2014இல் வெளியிட்ட ஆய்வொன்று, இப்படிச் சீண்டுவதில் இன்பம் காண்போரிடம் பிறர் நோவதைப் பார்த்து மகிழும் குணம் கூடுதலாக இருந்ததைக் காட்டியது. ஆனால் கதை அதோடு முடியவில்லை. 2017இல் அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட், கோர்னெல் பல்கலைக்கழகத்தார் ஒரு பரிசோதனை செய்தார்கள். சிலருக்கு இலேசான சோதனை, சிலருக்குக் கடுமையான சோதனை கொடுத்துவிட்டு, பிறகு ஒரு கட்டுரைக்குக் கீழே கருத்து எழுதச் சொன்னார்கள். இலேசான சோதனை எழுதி, சாதாரணக் கருத்துகளைப் பார்த்தவர்களில் ஏறக்குறைய 35 வீதமானோர் விசமமாக எழுதினர். கடுமையான சோதனையில் களைத்து, மேலே ஏற்கெனவே விசமக் கருத்துகள் இருப்பதையும் பார்த்தவர்களிலோ இது 68 வீதம். அப்படியென்றால் அந்த ஏழு சிரிக்கிற முகங்களும் பேய்கள் அல்ல. வேலையால் களைத்து வந்த எங்கட ஆட்கள்தான். முதலாவது வரியை யார் எழுதுகிறார், இரண்டாவது வரி எப்படி வருகிறது என்பதிலே எல்லாம் இருக்கிறது.

'பதில் சொல்லாதே, தீனி போடாதே' என்று எல்லோரும் சொல்கிறார்கள். சரிதான். லண்டனில் மம்ஸ்நெற் என்று பெற்றோருக்கான பெரிய இணையத்தளம் ஒன்று உண்டு. ஜஸ்ரின் றொபேட்ஸ் என்ற தாய் 2000ஆம் ஆண்டில் தொடங்கியது. 2015 ஆகஸ்டில் விசமிகள் அந்தத் தளத்தை முடக்கினார்கள். அதோடு நிற்கவில்லை. அவருடைய வீட்டில் துப்பாக்கியோடு ஒருவன் நிற்கிறான் என்று பொய்த் தகவல் கொடுத்து, நள்ளிரவில் ஆயுதப் பொலிசை அங்கே வரவழைத்தார்கள். ட்விற்றரில் அவர்களோடு வாதாடிய இன்னொரு தாயின் வீட்டுக்கும் அதேபோலப் பொலிஸ் போனது. வாதாடி வெல்லலாம் என்று நினைக்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

ஆனால் விசமிக்குப் பதில் சொல்லாமல் விடுவது வேறு, தாய்க்குப் பதில் சொல்லாமல் விடுவது வேறு. எங்கள் குழுக்களில் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது. நல்லவர்கள் 'எங்களுக்கேன் சோலி' என்று வாயை மூடிக்கொள்கிறார்கள். கேள்வி கேட்டவளுக்கு அந்த மௌனம்தான் கூடக் குத்தும். விசம வரியைக் காணாதவர் போல, அவளுடைய பெயரைச் சொல்லி, "தங்கச்சி, என்ரை மூத்தவனும் பிந்தித்தான் கதைச்சவன், நாளைக்கு டொக்டரிட்டைக் கேளும்" என்று ஒருவர் எழுதினால் போதும். அதற்குக் கீழே இன்னொருவர். நாலு பேர் இப்படி எழுதினால் விசம வரி கண்ணுக்கு எட்டாமல் மேலே போய்விடும். பிறகு அவளுக்குத் தனியாக ஒரு ரெலிபோன் எடுங்கோ.

மாறுபட்டுக் கதைக்கிற எல்லோரும் விசமிகள் என்று எடுத்துவிடவும் கூடாது. 2017இல் இத்தாலியில் 16 வயது வரையான பிள்ளைகளுக்குப் பத்துத் தடுப்பூசிகளைச் சட்டம் கட்டாயமாக்கியபோது பெற்றோருக்குள்ளே எவ்வளவு வாக்குவாதம்! பயத்தில் கேட்டவர்களும் இருந்தார்கள். பெரியம்மாமாரின் வாயும் சில நேரம் கூர்தான், ஆனால் அவை பிள்ளைக்குக் கசாயத்தோடை வந்து நிற்பினம். எனக்குத் தெரிந்த சோதனை ஒன்றுதான். "உங்கட பிள்ளைக்கு இப்பிடி வந்தபோது நீங்கள் என்ன செய்தனீங்கள்?" என்று ஒரு தரம் கேளுங்கோ. அக்கறை உள்ளவர் சொல்லுவார். விசமி அடுத்த குத்துக்குப் பாய்வார். அதற்குமேல் கேட்கத் தேவையில்லை.

எல்லை மீறினால், அழிக்க முதல் படம் பிடித்து வையுங்கோ. திகதி, நேரம், நம்பர் மூன்றும் தெரிய வேண்டும். ஒருவர் இல்லாத இடத்தில் பலருக்கு முன் அவருடைய மானத்தைக் கெடுப்பது இத்தாலியத் தண்டனைச் சட்டம் 595ஆம் பிரிவின்படி குற்றம். குவெரேலா என்ற முறைப்பாட்டை, விசயம் தெரியவந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். பிள்ளையை இணையத்தில் அவமதித்தால், அதற்கு 2017ஆம் ஆண்டின் 71ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. 2013இல் நொவாராவில் 14 வயது மாணவி ஒருத்தி இணைய அவமானத்தால் உயிரை மாய்த்த பிறகு, அவளுக்குச் சங்கீதம் படிப்பித்த ஆசிரியையான செனற்றர் எலெனா பெறாரா முன்னின்று கொண்டுவந்தது. அந்தத் தளத்தாரிடம் பெற்றோரே அகற்றக் கேட்கலாம். 48 மணித்தியாலத்தில் அகற்றாவிட்டால் தனிநபர் தரவுப் பாதுகாப்பு அதிகாரசபையிடம் போகலாம்.

ஆனால் அந்த நம்பர் ஆருடையது என்று வீடு வீடாக விசாரிக்கிற வேலை வேண்டாம். நாங்கள் சின்னச் சமூகம். பிழையான ஆளில் சந்தேகம் விழுந்தால் இரண்டு குடும்பம் கோயிலில்கூட முகம் பார்க்காது. ஊரிலே மொட்டைக் கடிதத்தை விட, 'எழுதினது ஆர்' என்ற கதைதான் கூடக் குடும்பங்களைப் பிரித்தது.

இப்போது நாங்கள் மூன்று பேர் ஒரு தாய்மார் குழுவைப் பார்த்துக்கொள்கிறோம். சொந்தப் பெயர் தராதவரைச் சேர்ப்பதில்லை. இரவு பத்தரைக்குக் குழுவைப் பூட்டிவிடுவோம், காலை ஆறு மணிக்குத் திறப்போம். களைத்த நேரத்து எழுத்து வேண்டாம் என்றுதான். அவசரமென்றால் எங்கள் மூவருக்கும் நேரே ரெலிபோன் எடுக்கலாம். விசம வரி வந்தால் எல்லோருடைய ரெலிபோனிலிருந்தும் அழித்துவிடுவோம், 2022 முதல் குழு நடத்துபவருக்கு அந்த வசதி உண்டு. அந்தத் தாயும் இப்போது எங்கள் குழுவில் இருக்கிறாள். மகனுக்குக் காது வைத்தியம் நடக்கிறது.

மூன்று பேர் காணாது. இன்னும் இரண்டு பேர் வேண்டும், அதில் ஒருவர் தகப்பனாக இருந்தால் நல்லது. பிள்ளை வளர்ப்பு தாய்மாருக்கு மட்டும் எழுதி வைத்ததில்லையே. விருப்பமானவர்கள் தேத்தண்ணி நேரத்தில் என்னிடம் பெயரைத் தாருங்கோ.