கையொப்பமிடும் தகுதி



பொறியியற் கல்வி பயிலும் மாணவராகிய எமக்குப் பட்டம் கிடைத்ததும் பரீட்சைகள் ஒழிந்தன என்று வீட்டிலுள்ளோர் மகிழ்கின்றனர். ஆயின், எம்மில் ஒருவர் அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்குச் சென்று, பொதுமக்களுக்குரிய கட்டட வரைபடத்திற் கையொப்பமிட்டு முத்திரை பதிக்க விரும்பின், அவருக்கு இன்னும் இரு பரீட்சைகள் உள. முதலாவது அடிப்படைப் பரீட்சை. அதன்பின், பொதுவாக நான்கு ஆண்டு தொழில் அனுபவம். இரண்டாவது தொழிற்றகைமைப் பரீட்சை. மாநிலத்துக்கு மாநிலம் விதிகள் சிறிது வேறுபடும்.

இவ்வழக்கம் தோன்றிய கதை சுவையானது. வயோமிங் மாநிலத்தில் நீருரிமை கோருவோரின் படங்களை வழக்கறிஞரும் நொத்தாரிசுமாரும் தாமே வரைந்து, பொறியியலாளர் என்று கையொப்பமிட்டு வந்தனராம். நம்மூர் நொத்தாரிசு உறுதி எழுதுவதோடு நின்றார். அங்குள்ளவர் வாய்க்காலும் வரைந்தார்! 1907 ஆம் ஆண்டு அம்மாநிலமே முதன்முதலாகப் பொறியியலாளரைப் பதிவு செய்யும் சட்டத்தை இயற்றியது. நம் இலங்கையிற் பொறியியற் பேரவைச் சட்டம் வந்தது 2017 இல்.

இனி ஆயத்தம் பற்றிச் சொல்வோம். அடிப்படைப் பரீட்சை 2014 முதல் கணிபொறியிலேயே நடைபெறுகிறது. வினாக்கள் 110, நேரம் 5 மணி 20 நிமிடம். ஒரு வினாவுக்கு மூன்று நிமிடம் முழுதாய்க் கிடையாது. சூத்திரங்கள் அடங்கிய கைநூலைப் பரீட்சை நடத்துவோரே திரையில் தருகின்றனர். சிறுவயது முதல் மனனஞ் செய்தே சித்தியெய்திய எமக்கு இது பெருஞ் சலுகையாகத் தோன்றும். உண்மையில் சோதனை அங்கேதான் இருக்கிறது. பல நூறு பக்கங்களுள் ஒரு சொல்லைத் தட்டித் தேடலாம்; தேடவேண்டிய சொல் எதுவென்று கணிபொறி சொல்லாது. ஆகவே அக்கைநூலையே முதல் நாள் தொட்டு மேசையில் வைத்துப் படித்தல் வேண்டும். விடையைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு கணக்குச் செய்வது படிப்பாகாது என்பது எம் துணிபு.

கல்குலேற்றரும் அனுமதிக்கப்பட்ட சில வகைகளுள் ஒன்றாக இருத்தல் வேண்டும். அதனைப் பரீட்சையன்று முதன்முதலாகத் தொடுவது, புதுச் சப்பாத்தோடு ஓட்டப்பந்தயத்துக்குப் போவதை ஒக்கும். பிழையான விடைக்குப் புள்ளி குறைப்பதில்லை. எனவே ஒன்றையும் வெறுமையாய் விடலாகாது. இடைவேளைக்குப் பின் முற்பகுதி வினாக்களுக்குத் திரும்பவும் இயலாது.

தொழில் ஒழுக்கம் பற்றியும் சில வினாக்கள் வரும். அவை இலேசானவை என்று பலர் கடைசி இரவுக்கு ஒதுக்குகின்றனர். நாம் இதற்கு உடன்படோம். 1981 யூலை 17 இல் கன்சாஸ் நகரிலுள்ள ஹயற் ரீஜென்சி ஹோட்டலில், கூரையிலிருந்து தொங்கிய இரு நடைபாலங்கள் சனக்கூட்டத்தின்மீது வீழ்ந்து 114 பேர் மாண்டனர். முதற் திட்டத்தில் மேற்பாலத்தையும் கீழ்ப்பாலத்தையும் ஒரே நீண்ட இரும்புத் தண்டு தாங்கியது. வேலை வசதிக்காக அதை இரண்டாக்கி, கீழ்ப்பாலத்தை மேற்பாலத்திலிருந்தே தொங்கவிட்டனர். கிணற்றுக் கயிற்றை இருவர் தனித்தனியே பற்றித் தொங்குவது ஒன்று; கீழுள்ளவர் மேலுள்ளவரின் காலைப் பற்றித் தொங்குவது வேறொன்று. கயிற்றுக்குப் பாரம் ஒன்றே. மேலுள்ளவரின் கைக்கோ இருமடங்கு. மேற்பாலத்தின் நட்டுக்கு நேர்ந்ததும் அதுவே. புது இணைப்பு எவ்வளவு தாங்கும் என்று கணக்கிடாமலே மாற்றத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. பொறுப்பாயிருந்த பொறியியலாளர் இருவர் பின்னர் மிசூரி மாநிலத்தில் தம் அனுமதியை இழந்தனர்.

அந்தக் கணக்கு, முதலாண்டு மாணவன் ஒருவன் ஒரு தாளிற் செய்யக்கூடியது. எம்மிற் சிலர் சனிக்கிழமை மாலைகளிற் கூடிப் படிக்கிறோம். சேர விரும்பும் தம்பி தங்கையர் தாளும் பென்சிலும் கொண்டு வரலாம். வரும் கிழமை அந்தத் தண்டுக் கணக்கையே முதலிற் போட்டுப் பார்ப்போம்.