துருவைத் தடுக்கும் மின்படிவு வண்ணப் பூச்சு

எஃகுப் பொருளின் வெளிப்புறத்திற்கு எவ்வளவு நன்றாக வண்ணம் பூசினாலும், துரு பெரும்பாலும் உட்புறத்திலிருந்தே புறப்படுகிறது. மடிப்புகளிலும், பற்றவைத்த இணைப்புகளிலும், குழாய் போன்ற உட்கூடுகளிலும் ஈரம் தேங்குகிறது. அங்கே தூரிகையும் எட்டாது, தெளிப்பானும் எட்டாது. விசாகப்பட்டினம், மும்பை போன்ற கடலோர நகரங்களிலோ காற்றிலுள்ள உப்பு அரிப்பை மேலும் விரைவுபடுத்துகிறது.

இக்குறையைப் பெரிதும் போக்கியது மின்படிவு முறை. 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனத்தில் ஜார்ஜ் புரூவர் குழுவினர் இதனை உருவாக்கத் தொடங்கினர். முதலில் எஃகுப் பொருளை நேர்மின்வாயாக அமைத்தனர். அதனால் இரும்பு சிறிதளவு கரைந்து படலத்தில் கலந்தது. அடியிலிருந்த பாஸ்பேட் பூச்சும் சிதைந்தது. 1970களில் பொருளை எதிர்மின்வாயாக்கும் முறை பரவிய பின்னரே துருத்தடுப்பு பெரிதும் மேம்பட்டது.

தொட்டியிலுள்ள கலவையில் பெரும்பகுதி நீரே. அமிலத்தால் நேர்மின்னேற்றம் பெற்ற எபாக்சிப் பிசின் துகள்கள் நிறமியுடன் அதில் மிதக்கின்றன. சில நூறு வோல்ட் மின்னழுத்தம் செலுத்தியதும் எஃகின் பரப்பில் நீர் சிதைந்து ஹைட்ரஜன் வெளியேற, அவ்விடத்தில் காரத்தன்மை மிகுகிறது. பிசின் தன் மின்னேற்றத்தை இழந்து, கரையாத படலமாகப் படிகிறது. படிந்த இடம் மின்னோட்டத்தைத் தடுப்பதால், மின்னோட்டம் பூச்சற்ற இடங்களைத் தேடிச் செல்கிறது. மனிதக் கை நுழைய முடியாத மூலைக்கும் பூச்சு கிட்டுவது இதனாலேயே. இரண்டு மூன்று நிமிடங்களில் ஏறத்தாழ 20 மைக்ரான் கனமுள்ள படலம் உருவாகிறது. பின்னர் அடுப்பில் சுமார் 170 டிகிரி வெப்பத்தில் அது இறுகுகிறது.

ஆயினும் மின்சாரம் எல்லாவற்றையும் செய்துவிடும் என்று எண்ணுதல் தவறு. திரவம் உட்புகவும், காற்று வெளியேறவும், மீண்டும் திரவம் வடியவும் துளைகள் வேண்டும். அவற்றை வரைபடத்திலேயே இட வேண்டும். எண்ணெய் நீக்கமும் பாஸ்பேட் பூச்சும் குறைபட்டால் மேலுள்ள படலம் எளிதில் உரியும். செலவைச் சுருக்க விரும்பும் பட்டறைகள் முதலில் கைவைப்பது கண்ணுக்குத் தெரியாத இவ்வேலைகளில்தான். உப்புத் தெளிப்புச் சோதனையில் ஒரு தகடு இத்தனை மணி நேரம் தாங்கியது என்ற எண்ணைத் தெருவில் ஓடும் ஆண்டுகளாக நேரடியாக மாற்றிவிடவும் இயலாது. வெயில், மழை, சரளைக்கல் ஆகியவை அந்தப் பெட்டிக்குள் இல்லை.

சிறு தொழில்களுக்கு மற்றொரு இடர்ப்பாடும் உண்டு. கலவையை இரவும் பகலும் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் நிறமி அடியில் தங்கிவிடும். ஆகவே மின்தடை மிகுந்த பகுதியில் தொட்டி அமைப்பவர், பூச்சு இயந்திரத்துக்கு முன்பாகவே மாற்று மின்னாக்கிக்கு வழிசெய்தல் நன்று. தனித்தனியே தொட்டி வைக்க இயலாத பட்டறைகள், ஒரே தொழிற்பேட்டையில் பொதுவான பூச்சுக்கூடம் ஒன்றைப் பகிர்ந்துகொள்ளலாம்.