யாருக்குப் பொற்காலம்?

(ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



என்னைப் பேச அழைத்த தோழர்கள் "மூடநம்பிக்கைகள்" என்று பொதுவாகத் தலைப்புக் கொடுத்திருக்கின்றார்கள். பேய், சகுனம், சாமியாட்டம் ஆகியவைகளைப் பற்றி இந்த ஜில்லாவில் எத்தனையோ மேடைகளில் பேசியாகிவிட்டது. ஆகவே இன்று, படித்தவர் படிக்காதவர் எல்லோரும் சந்தோஷமாய்க் கட்டிக்கொண்டிருக்கின்ற ஒரு மூடநம்பிக்கையை எடுத்துக்கொள்ளப் போகின்றேன். அதாவது, நான் பிள்ளையாயிருந்த காலமே பொற்காலம் என்கின்ற நம்பிக்கை.

வைதிகர்களுக்கு ஒரு கிருதயுகம் உண்டு. அதிலே தருமம் நான்கு காலால் நின்றதாம்; இப்போது கலியில் ஒற்றைக் காலால் நொண்டுகிறதாம். அதைக் கேட்டு நாம் சிரிக்கின்றோம். ஆனால் இப்போது நாற்பது வயதைத் தொட்டிருக்கின்ற நம்மவர்கள் "நைன்டீஸ் கிட்ஸ்" என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும், ஞாயிற்றுக்கிழமை சக்திமான், வாடகை சைக்கிள், தேன்மிட்டாய், பாட்டுக் கேசட்டு என்று அடுக்கி, அதுபோல் ஒரு காலம் இனி வருமா என்று கண்ணீர் விடுகின்றார்கள். இதுவும் ஒரு கிருதயுகம்தான். வித்தியாசமெல்லாம், அதற்குப் புராணம் உண்டு. இதற்கு வாட்ஸ்அப் உண்டு.

எனக்கும் அந்தக் காலத்துப் பாட்டென்றால் உயிர்தான். 1992-ல் ரோஜா படம் வந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. டீக்கடைக்கு டீக்கடை அந்தப் பாட்டுத்தான். மற்றவர்கள் படத்தைப் பார்த்தார்கள், நான் கேட்டேன். அதுவரை எந்தப் பாட்டிலும் கேளாத சின்னச் சின்னச் சத்தங்கள் அதில் இருந்தன. ஒவ்வொன்றும் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று காதால் தேடிப் பிடிப்பதுதான் எனக்கு விளையாட்டு. வெற்றுக் கேசட்டு வாங்கி ரிக்கார்டிங் கடையில் பட்டியல் கொடுத்தால், கேட்ட பாட்டைப் பதிந்து தருவார்கள். மேலே எழுதியிருப்பதை என்னால் படிக்க முடியாது. ஆகையால் ஊசியைக் காய்ச்சி ஓரத்தில் புள்ளி வைத்துக்கொள்வேன். ஒரு புள்ளியானால் இளையராஜா, இரண்டானால் ரகுமான், மூன்றானால் தேவா.

புள்ளியைத் தடவிப் படிக்கும் பிரெயில் எழுத்து என்று ஒன்று இருப்பதே எனக்கு அப்போது தெரியாது. லூயி பிரெயில் என்கின்ற பதினைந்து வயதுப் பையன் 1824-லேயே உண்டாக்கிவிட்ட அந்த எழுத்து, 170 வருஷமாகியும் எங்கள் ஊருக்கு வந்து சேரவில்லை. ஆனால் முன்ஜென்ம பாவம் என்கின்ற சங்கதி மாத்திரம், தபாலும் இல்லாமல் தந்தியும் இல்லாமல் வீட்டுக்கு வீடு வந்து சேர்ந்திருந்தது.

எனக்கு இருப்பது ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்று டாக்டர்கள் சொல்லும் விழித்திரை நோய். முதலில் இரவில் கண் தெரியாது. பிறகு பக்கப் பார்வை சுருங்கிச் சுருங்கி, குழாய் வழியாய்ப் பார்ப்பது போலாகும். பலருக்கு அந்தக் குழாயும் மங்கிவிடும். இது பரம்பரையாய் வருவது. இதில் ஒரு வகை, தாய் தகப்பன் இருவரிடமும் வெளியே தெரியாமல் ஒளிந்திருக்கும் ஒரே பழுது, பிள்ளைக்கு இரண்டு பக்கமிருந்தும் வந்து சேர்ந்தால்தான் வெளிப்படும். அப்படிப்பட்ட தம்பதிகளுக்குப் பிறக்கின்ற ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு அந்த அபாயம் உண்டு. ஒரே குடும்பத்துக்குள் கலியாணம் செய்தால் ஒரே பழுது இருவரிடமும் இருக்க இடம் அதிகம். என் தாயார் என் தகப்பனாருக்கு அக்காள் மகள். காணி வெளியே போகக்கூடாது என்று செய்த கலியாணம். காணியும் வெளியே போகவில்லை. பழுதும் வெளியே போகவில்லை. சொந்தத்தில் கட்டிய எல்லோருக்கும் இப்படி ஆகும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இதைச் சொல்ல ஊரில் ஒருவரும் இல்லாமல், வெள்ளியில் கண்மலர் செய்து அம்மனுக்குச் சாத்தச் சொல்ல மாத்திரம் பத்துப் பேர் இருந்தார்கள். மூன்று தடவை சாத்தினார்கள். அந்த வெள்ளிக்கு ஒரு நல்ல டேப்ரிக்கார்டர் வந்திருக்கும்.

ஜோசியர் ஒருவர், போன ஜென்மத்தில் இவன் விளக்கைத் திருடியிருப்பான் என்றார். இது அவர் சொந்தச் சரக்கு என்று நெடுநாள் நினைத்திருந்தேன். பிற்பாடு ஒரு தோழர் மனுதர்ம சாஸ்திரத்தை எனக்கு வாசித்துக் காட்டினார். பதினோராம் அத்தியாயத்தில் அப்படியே இருக்கின்றது: விளக்கைத் திருடினவன் குருடனாவான், அணைத்தவன் ஒற்றைக் கண்ணனாவான் என்று! ஒன்பதாம் அத்தியாயம் 201-வது சுலோகத்துக்கு வாருங்கள். சொத்தில் பங்கு இல்லாதவர்களின் ஜாபிதா ஒன்று அங்கே இருக்கின்றது. பிறவிக் குருடன், செவிடன், ஊமை, பித்தன் என்று போகின்ற அந்த வரிசையில் முதலில் நிற்பவன் "ஆண்மையற்றவன்". ஊரார் என்னைப் போன்றவனை ஏசுகின்றபோது எடுக்கின்ற வார்த்தையும் அதுதான். ஆக, என் இரண்டு சங்கதியையும் மனு ஒரே சுலோகத்தில் முடித்துவிட்டார்! இந்த அநீதியில் பெரும்பகுதியை 1928-ல் ஒரு சட்டம் வந்து நீக்கிற்று. 1956 வாரிசுச் சட்டம் மிச்சத்தையும் ஒழித்தது. சட்டப் புத்தகத்தில் ஒழிந்ததே தவிர, ஊர் வாயில் ஒழியவில்லை.

பெரிய புராணமாவது இரக்கம் காட்டிற்றா? சுந்தரர் சங்கிலிக்குச் செய்த சத்தியத்தை மீறித் திருவொற்றியூர் எல்லையைத் தாண்டினாராம்; கண் இரண்டும் போயிற்றாம். பிறகு இடது கண்ணைக் காஞ்சியிலும் வலது கண்ணைத் திருவாரூரிலும் தவணை முறையில் பெற்றுக்கொண்டாராம். பார்வை போவது தண்டனை என்று பக்திப் பாலோடு புகட்டினால், குழந்தைகள் கண் தெரியாதவனைக் கண்டு என்ன நினைக்கும்?

நிற்க. புராணம் போய் சினிமா வந்ததே, பொற்காலத்து சினிமா என்ன செய்தது? 1999-ல் இரண்டு படங்கள் வந்தன. துள்ளாத மனமும் துள்ளும் படத்தில் கதாநாயகிக்குப் பார்வை போகும். நாயகன் தன் சிறுநீரகத்தை விற்று ஆபரேஷன் செய்விப்பான். பார்வை வந்து அவள் கலெக்டராவாள். பார்வை வராமலே கலெக்டராக்க அந்தக் கதைக்கு மனம் வரவில்லை. நீ வருவாய் என படத்தில் இறந்தவனுடைய கண்ணை இன்னொருவனுக்கு வைப்பார்கள். இறந்தவனைக் காதலித்தவள் அந்தக் கண்ணைப் பேணி வருவாள். பாட்டெல்லாம் நன்றாய்த்தான் இருந்தன. ஆனால் வைத்தியத்தில் மாற்றுவது கண்ணை அல்ல, கருவிழியின் மேலுள்ள கண்ணாடி போன்ற மெல்லிய பாகத்தை. அது கெட்டவர்களுக்கு மாத்திரமே அது பயன்படும். விழித்திரை கெட்டவனுக்குப் பிரயோஜனமில்லை. கண் தானம் செய்யுங்கள். இறந்த ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தால் ஒருவர் தானத்தால் இரண்டு பேருக்குப் பார்வை வரலாம். அது வேறு. என் தாயார் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்து, ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் காலில் விழுந்து, என் கண் ஒன்றை எடுத்து அவனுக்கு வையுங்கள் என்று அழுதார்கள். டாக்டர் நல்லவர், அரைமணி நேரம் உட்காரவைத்து விளக்கினார். வெளியே வந்த தாயார், "கண்ணப்பன் கொடுத்ததை மட்டும் சாமி வாங்கிக்கொண்டதே" என்றார்கள்.

இனி, சிலருக்கு முகம் சுளிக்கப் போகின்ற பாகத்துக்கு வருகின்றேன். எனக்கு ஆசை பிறந்தது ஆண்கள்மேல். இதைத் தன்பாலீர்ப்பு என்கின்றார்கள். பதின்மூன்று பதினாலு வயதிலேயே எனக்குத் தெரியும். மற்றப் பையன்கள் நடிகைகளின் படத்தைப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்தார்கள். நான் ஒளித்து வைத்தது கேசட்டு. அதிலே முழுக்க முழுக்கச் சித்ரா, சுஜாதா, ஸ்வர்ணலதா ஆகியவர்கள் பாடினவை. ஏன் தெரியுமா? ஆணை நினைத்து உருகுகின்ற பாட்டெல்லாம் பெண் குரலில்தான் இருந்தது. எனக்கு வேண்டியதைப் பாடவேண்டுமானால் நான் அவர்கள் பாகத்தைத்தான் பாட வேண்டும். பாடினேன். தெரு சிரித்தது. என்னைப் போன்றவன் அந்தக் காலத்து சினிமாவில் வந்தால் எதற்கு வந்தான்? இடுப்பை ஆட்டி நடக்க வந்தான். நாயகனிடம் அறை வாங்க வந்தான். இடுப்பாட்டம் எனக்குத் தெரியாது. கொட்டகையின் சிரிப்பு மாத்திரம் நன்றாய்க் கேட்கும்.

என்னிடம் சிலர், "நீ பெண்ணைக் கண்ணால் பார்த்ததில்லை, அதனால்தான் புத்தி இப்படிப் போயிற்று" என்று காரணம் சொல்கின்றார்கள். ஆணை மாத்திரம் நான் கண்ணாரப் பார்த்தேனா? கண் தெரியாதவர் எத்தனையோ பேர் பெண்ணை மணந்து பிள்ளை குட்டியோடு இருக்கின்றார்களே, இரண்டு கண்ணும் நன்றாயுள்ள எத்தனையோ ஆண்கள் ஆணை நேசிக்கின்றார்களே, இதற்கென்ன பதில்? வேறு சிலர், கண் தெரியாதவனுக்கு ஆசையே எதற்கு என்று கேட்கின்றார்கள். பசி எதற்கு என்று மாத்திரம் கேட்பதில்லை.

இது வியாதியா? அமெரிக்க மனநல வைத்தியர் சங்கம் 1973-லேயே வியாதிப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17-ல் எடுத்தது. ஆக, உங்கள் பொற்காலம் தொடங்கின வருஷத்திலேயே உலகத்துக்குத் தெரிந்துவிட்டது! நமக்கோ, வெள்ளைக்காரன் 1860-ல் எழுதிய தண்டனைச் சட்டம் 377-வது பிரிவு அந்தப் பத்து வருஷமும் தலைக்குமேல் தொங்கிக்கொண்டிருந்தது. தண்டனை பத்து வருஷம் வரை. ஆயுள் முழுதுங்கூடப் போடலாம். 2009-ல் டில்லி உயர்நீதிமன்றம் அதைத் தளர்த்திற்று. 2013-ல் சுப்ரீம் கோர்ட்டு மறுபடியும் இறுக்கிற்று. 2018 செப்டம்பர் 6-ல் அதே கோர்ட்டு, வயது வந்த இருவர் சம்மதித்திருந்தால் குற்றமில்லை என்று முடிவு சொல்லிற்று. நான் குற்றவாளியல்ல என்று தெரிய எனக்கு முப்பத்தெட்டு வயதாயிற்று.

இயற்கைக்கு விரோதம் என்று பக்தர்கள் பேசுகின்றார்கள். அவர்கள் மாலை போட்டுக்கொண்டு போகின்ற மலையில் இருப்பவருக்கு ஹரிஹர புத்திரன் என்று பெயர் வைத்தது நாமல்ல. அது மோகினி வேஷம் என்று சமாதானம் சொல்வார்கள், சொல்லட்டும். புராணத்தில் இருக்கின்றது, ஆகவே சரி என்று வாதாடவும் நாம் வரவில்லை. புராணம் எனக்குச் சாட்சியும் வேண்டாம், நீதிபதியும் வேண்டாம்.

நானாவது ஒருவகையில் தப்பினேன். குருடனுக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். நடுவே ஒரு தடவை, ஏழைப் பெண் ஒருத்தி இருக்கின்றாள், காலமெல்லாம் உன்னைப் பார்த்துக்கொள்வாள் என்று கொண்டுவந்தார்கள். சம்பளமில்லாத வேலைக்காரிக்குத் தாலி என்று பெயரா என்று கேட்டு மறுத்துவிட்டேன். எனக்குப் பத்திரிகை வாசித்துக் காட்டி, இந்த இயக்கத்தை எனக்கு அறிமுகப்படுத்திய ஒருவர் இருந்தார். அவர் குரல்தான் எனக்குப் பள்ளிக்கூடம். நான் பத்தாவதோடு நின்றவன். நாங்கள் ஒருவரையொருவர் நேசித்தோம். அது அவர் வீட்டுக்குத் தெரிந்ததும் மந்திரித்தார்கள், தாயத்துக் கட்டினார்கள், ஒரு மாதத்துக்குள் கலியாணத்தையும் முடித்தார்கள். அவருக்குக் கண் இருந்ததே, பெண் கிடைக்கக் கஷ்டமா? அந்தப் பெண் நாலு வருஷம் இருந்து பார்த்துவிட்டுத் தாய்வீடு திரும்பினாள். வாழாவெட்டி என்கின்ற பட்டம் யாருக்குக் கிடைத்தது? அவருக்கா? பரிகாரம் சொன்ன ஜோசியருக்கா? அவளுக்குத்தான். பிள்ளையைத் திருத்த ஒரு பெண்ணை மருந்தாய் வாங்குகின்ற இந்த அயோக்கியத்தனம் இன்றைக்கும் நடக்கின்றது. இங்கு பின்னால் உட்கார்ந்திருக்கின்ற தாய்மார்கள் இதைக் கேட்கவேண்டும் என்பதற்காகவே சொந்தக் கதையைச் சொன்னேன்.

நம் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளையார் சிலைக்கு அஞ்சாத சில தோழர்கள், இந்தச் சங்கதி வந்தால் கொட்டகைச் சிரிப்பைத்தான் சிரிக்கின்றார்கள். கேட்டால், "சட்டம் இந்த ஜோடிகளை ஒப்புக்கொள்ளவில்லையே" என்கின்றார்கள். இதை யார் சொல்வது? புரோகிதனில்லாமல் மணந்துகொண்ட நம் பெரியவர்களை 1950-களில் சென்னை உயர்நீதிமன்றம் என்ன சொல்லிற்று? அது கலியாணமே அல்ல என்றது. அவர்கள் தாலியை அறுத்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்களா? குடும்பம் நடத்தினார்கள், பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள். 1967-ல் அண்ணா சர்க்கார் சட்டம் கொண்டுவந்தது. சட்டம் பின்னால்தான் வந்தது. கலியாணம் என்பது இரண்டு பேர் செய்துகொள்ளும் வாழ்க்கை ஒப்பந்தம் என்று பெரியார் சொன்னதை மேடைக்கு மேடை சொல்லுகின்றவர்கள், அந்த இரண்டு பேர் யார் என்பதற்கு மாத்திரம் மனுவிடம் போய்ச் சீட்டு வாங்குகின்றார்கள். 2023 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு தன்பால் திருமணத்துக்கு உரிமை இல்லை என்று சொல்லியிருப்பது வாஸ்தவம். 2025 மே மாதம் நம் சென்னை உயர்நீதிமன்றம், கலியாணம் ஒன்றுதான் குடும்பத்துக்கு வழி என்பதில்லை, அவர்களே தெரிந்தெடுத்துக்கொள்வதும் குடும்பம்தான் என்று சொல்லியிருப்பதும் வாஸ்தவம்.

அந்தக் கேசட்டுகளில் பதினொன்று இன்னமும் என்னிடம் இருக்கின்றன. புள்ளி அழியவில்லை, நாடாதான் சில இடங்களில் இழுக்கின்றது. பாட்டை நான் வைத்துக்கொள்கின்றேன். அந்தக் காலம் வேண்டுமென்கின்றவர்கள் எடுத்துக்கொண்டு போகலாம்.

நேரமாகிவிட்டது என்று தலைவர் மணி அடிக்கின்றார். கேள்வி கேட்கின்றவர்கள் வழக்கம்போல் சீட்டு எழுதி அனுப்பவேண்டாம். எவ்வளவு பெரிய எழுத்தில் எழுதினாலும் எனக்கு உபயோகமில்லை. எழுந்து நின்று வாயால் கேளுங்கள்.