பிள்ளைகளை விழுங்கிய அரசன்

கிரேக்கரின் பழங்கதைகளிலே, ஒலிம்பஸ் மலைத் தெய்வங்கள் ஆட்சிக்கு வருமுன் உலகை ஆண்ட குலத்தினர் டைட்டன்கள் எனப்படுவர். வானமாகிய ஊரனஸுக்கும் நிலமாகிய கேயாவுக்கும் பிறந்த அப்பன்னிருவருள் இளையவன் குரோணஸ். ஏறக்குறைய 2,700 ஆண்டுகளுக்கு முன் ஹீசியட் என்னும் புலவர் பாடிய இவனது கதை, இந்நூற்றாண்டின் தொடக்கத்திலே சிறுவர் நாவல் வரிசையொன்றிற் புத்துயிர் பெற்றது. அமெரிக்க எழுத்தாளரான றிக் றையோர்டன் 2005 முதல் 2009 வரை வெளியிட்ட பேர்சி ஜக்சன் நாவல்கள் ஐந்திலும் கதாநாயகனுக்குப் பெரும் பகைவனாக நிற்பவன் இக்குரோணஸே. புராண காலத்துக் கொடுங்கோலன் ஒருவனுக்கு இக்காலத்திலே வலிமை எங்கிருந்து வந்தது? அக்கேள்விக்கு ஆசிரியர் அளிக்கும் விடையே இந்நாவல்களின் உயிர்நாடி எனலாம்.

முதலிற் பழங்கதையை நோக்குவோம். ஊரனஸ் தன் மக்களை ஒளி காணவிடாது நிலத்தின் வயிற்றுள்ளேயே அடைத்து வைத்தான். வேதனை தாளாத கேயா அரிவாளொன்றைச் செய்து கொடுத்தாள். மற்றையோர் அஞ்சி நிற்க, இளையவனாகிய குரோணஸ் அதனை ஏந்தித் தந்தையை வீழ்த்தி அரசனானான். ஆனால் தன் மகனொருவனாலே தானும் வீழ்வான் என்ற வாக்கு அவன் நெஞ்சைக் குடைந்தது. கண்ணன் கதையிலே கஞ்சனை ஆட்டிய அதே அச்சம் இவனையும் ஆட்டியது. மனைவி றேயா பெற்ற பிள்ளைகள் ஐவரையும் பிறந்தவுடனேயே விழுங்கினான். ஆறாவது மகனாகிய சீயஸைத் தாய் கிறீற் தீவிலே ஒளித்துவிட்டு, கல்லொன்றைத் துணியிற் சுற்றிக் கொடுத்தாள். அவன் அதையும் விழுங்கினான். வளர்ந்த சீயஸ் உடன்பிறந்தாரை மீட்டுப் பத்தாண்டுகள் போர் செய்து, டைட்டன்களைத் தார்த்தரஸ் என்னும் பாதாளச் சிறையில் அடைத்தான். குரோணஸ் கக்கிய கல்லென்று சொல்லப்பட்ட ஒன்று டெல்பி நகரிலே இருந்ததையும், நாள்தோறும் அதற்கு எண்ணெய் வார்க்கப்பட்டதையும், கி. பி. இரண்டாம் நூற்றாண்டிற் பயணம் செய்த பௌசானியஸ் எழுதி வைத்திருக்கிறார்.

எனினும் கிரேக்கர் குரோணஸை முழுக் கொடியவனாக மாத்திரம் கருதினாரல்லர். அவனுடைய ஆட்சியே மாந்தர் உழைப்பும் துயரும் இன்றி வாழ்ந்த பொற்காலம் என்று அதே ஹீசியட் வேறொரு நூலிற் கூறுகிறார். அதென்ஸ் நகரிலே கோடையில் நடந்த குரோணியா விழாவில் எசமானரும் அடிமைகளும் ஒருங்கிருந்து உண்டனர். உரோமர் அவனைச் சாற்றேண் என்னும் தம் தெய்வத்தோடு ஒன்றாக்கி, டிசம்பர் மாதத்தில் அவனுக்கு விழா எடுத்தனர். கொடுங்கோன்மையும் பொற்காலமும் ஒருவன் பெயரிலேயே கூடி நிற்பது விந்தை. இவ்விரண்டையும் நாவலாசிரியர் நன்கு பயன்படுத்துகிறார்.

முன்னர்ப் பள்ளி ஆசிரியராயிருந்த றையோர்டன், வாசிப்பிலும் கவனத்திலும் இடர்ப்பட்ட தம் மகனுக்கு உறங்கும் வேளையிற் கூறிய கதையிலிருந்தே இந்நாவல்கள் பிறந்தன. தெய்வங்கள் இன்றும் வாழ்கின்றன என்பது அவற்றின் அடிப்படைக் கற்பனை. ஒலிம்பஸ் இப்போது நியூயோர்க் நகரின் எம்பயர் ஸ்டேட் மாளிகைக்கு மேலே இருக்கிறது. தெய்வங்களுக்கும் மானிடருக்கும் பிறந்த பிள்ளைகள் பாசறையொன்றிலே பயிற்சி பெறுகின்றனர். கடல் தெய்வமாகிய பொசைடனின் மகன் பேர்சியும் அவர்களுள் ஒருவன். ஆனால் அங்குள்ள பலருக்குத் தம்மைப் பெற்ற தெய்வம் யாரென்பதே தெரியாது. உரிமை கூறப்படாத அப்பிள்ளைகள் ஹேர்மிஸின் குடிலிலே நெருக்குண்டு கிடக்கின்றனர். சிறு தெய்வங்களின் மக்களுக்கோ தமக்கென ஒரு குடிலுமில்லை.

இந்த மனக்குறைதான் குரோணஸுக்குக் கிடைத்த வாயில். முதல் நாவலில் அவனுக்கு உடலில்லை. பாதாளத்திலிருந்து பிள்ளைகளின் கனவிற் பேசும் குரலாகவே வருகிறான். பின்னர் பொற்பேழையொன்றினுள்ளே அவன் உடல் சிறிது சிறிதாக உருவாகிறது. அவன் பக்கம் சேர்வதாக ஒருவன் உறுதி கூறுந்தோறும் அவ்வுடல் மேலும் சிறிது வளர்கிறது. தெய்வங்கள் புறக்கணித்த மக்களின் கசப்பே அவனுக்குத் தசையாகவும் எலும்பாகவும் ஆகிறது என்பது இதன் பொருள்.

அவர்களுள் முதல்வன் லூக். ஹேர்மிஸின் மகனாகிய அவன் இளமையிலேயே வீட்டை விட்டு ஓடியவன். தந்தை தன்னைக் கைவிட்டான் என்று நம்பியவன். அவனுக்குக் குரோணஸ் புதியதொரு பொற்காலத்தை வாக்களிக்கிறான். தன் பிள்ளைகளையே விழுங்கியவன், கைவிடப்பட்ட பிள்ளைகளுக்குக் காவலனாக வேடம் பூணுகிறான். இறுதியில் நிகழ்வது யாது? லூக்கின் உடலுள்ளேயே அவன் புகுந்து கொள்கிறான். பழைய கதையிலே வாயால் விழுங்கியவன், இங்கே நம்பிக்கையால் விழுங்குகிறான்.

காலம் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல், ஒலியிலே குரோணஸ் என்ற பெயரை ஒத்திருக்கும். ஆண்டுகளை விழுங்கும் காலமே குரோணஸ் எனப் பண்டையோர் சிலர் விளக்கினர். நாவலில் அவன் அருகே வருவோரின் கைகால்கள் சேற்றிலே சிக்கியவை போல் மந்தமாவது இதனாலேயே.

ஐந்தாம் நாவலின் முடிவிலே குரோணஸை வீழ்த்துபவன் பேர்சி அல்லன். லூக் சிறுமியாயிருந்த அனபெத்துக்கு ஒரு குறுவாளைக் கொடுத்து, நாம் ஒரு குடும்பமாயிருப்போம் என்று ஒருகால் வாக்களித்திருந்தான். அந்த நினைவு அவனை மீட்கிறது. பேர்சி நம்பிக்கையோடு அக்குறுவாளை அவனிடம் கொடுக்க, லூக் தன் உடலைத் தானே குத்தி, உள்ளிருக்கும் பகைவனை அழித்து மடிகிறான். பேர்சி வாளாற் பகைவனை வென்றான் என முடித்திருப்பின், இது பல்லாயிரம் வீரக் கதைகளில் ஒன்றாய் ஒழிந்திருக்கும்.

அதற்குப் பின் வருவதே மிகவும் சிந்திக்கத்தக்கது. தெய்வங்கள் பேர்சிக்குச் சாவாமையை அளிக்க முன்வருகின்றன. அவன் அதனை மறுத்து வேறு வரம் கேட்கிறான். பதின்மூன்று வயதாகுமுன் ஒவ்வொரு பிள்ளையையும் பெற்ற தெய்வம் ஏற்றுக்கொள்ள வேண்டும்; சிறு தெய்வங்களின் பிள்ளைகளுக்கும் குடில் வேண்டும்; தீங்கு செய்யாத டைட்டன் குலத்தவர்க்கு மன்னிப்பு வேண்டும். வென்றவர்களிடத்திலும் குற்றம் உண்டென்று வெற்றி பெற்ற வீரனே அவர்கள் அவையில் எடுத்துரைக்கிறான்.

ஊரனஸ் மக்களை அடைத்தான், குரோணஸ் விழுங்கினான், ஒலிம்பியரோ மறந்தனர். மூன்று தலைமுறையாகத் தொடர்ந்த அந்தக் குற்றத்தைத் திருத்தாது குரோணஸை மட்டும் பாதாளத்தில் அடைத்திருந்தால், அவன் குரல் மீண்டும் எழுந்திருக்கும். அதைக் கேட்கவும் மனம் நொந்த ஒரு பிள்ளை எங்கோ காத்திருந்திருக்கும்.